பதினாலாம் கூடத்துத் திருத்தம்

இசக்கிப்பிரியா போட்ட கணக்கு தப்பாது என்று தூத்துக்குடியில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, அவள் புருஷன் செந்தூர்பாண்டிதான். டீக்கடை, சலூன், உப்பளத்து வரப்பு, எங்கே நாலு பேர் நின்றாலும் "எங்க வீட்ல ஒரு நம்பர் சொன்னா சொன்னதுதான்" என்று ஆரம்பித்துவிடுவான். கேட்டுக் கேட்டு ஆட்களுக்குக் காது புளித்துப்போனது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்தும் ஒரு மனுஷன் பெண்டாட்டியின் கணக்கை இப்படித் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் வேறொரு டீக்கடையில் அதையே சொன்னான்.

அவன் செத்து மூன்று மாதமாகிறது. வருகிற வெள்ளிக்கிழமை இசக்கிப்பிரியா ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், மாவட்டத்திலுள்ள இருநூற்றுப் பன்னிரண்டு குளிர்க்கூடங்களிலும் கூடத்துக்கு நாற்பத்திரண்டு பேர் வீதம் கூடுதலாக உள்ளே விடலாம். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் உயிர். அந்தக் கையெழுத்துக்கு ஆதாரம், அவன் சாவதற்கு ஒன்பது நிமிடம் முன்னால் அவளுக்கு அனுப்பிய இரண்டே வார்த்தை.

குளிர்க்கூடம் என்றால் என்னவென்று தெரியாத புண்ணியவான்கள் எங்கேயாவது இருக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது அடிக்கிற கத்திரி அந்தக் காலத்துக் கத்திரி இல்லை. கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும், வெயில் மேலே நின்று வேகவைக்கும். வேர்வை ஊறும், காயாது. அப்படிப்பட்ட நாளில் நிழலில், காற்றாடிக்குக் கீழே, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆள் போய்விடுவார். வீட்டுக்கு வீடு ஏசி போட்டால் மதியம் ஒரு மணிக்குக் கரண்டு மொத்தமாகப் படுத்துவிடும். அதனால்தான் கரண்டை நம்பாத கூடங்களைக் கட்டினார்கள். மொட்டை மாடியில் வெயிலில் கொதித்த வெந்நீர்தான் அங்கே குளிரைத் தயாரிக்கிறது. வெந்நீரிலிருந்து குளிரா என்று முதலில் எல்லாரும் கேலி பேசினார்கள்.

வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்குப் பாண்டி அதை விளக்குகிற அழகே தனி.

"புதுச் செருப்பு வாங்கினா டப்பாக்குள்ள ஒரு பொட்டலம் கெடக்குமே, தின்னாதேன்னு எழுதி? அதுக்குள்ள உருளுற மணிதான் மூட்டை மூட்டையா இந்த இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கு. அதுக்கு ஈரம்னா உசிரு. காத்தில்லாத குழாய் வழியாத் தண்ணிய ஆவியா உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச மிச்சத் தண்ணி சில்லுன்னு ஆயிரும். அந்தச் சில்லுதான் ஒங்களுக்கு வருது. வயிறு ரொம்பினதும் வெந்நீரக் காட்டினா, குடிச்சதையெல்லாம் கக்கிட்டு மறுபடியும் தாகத்தோட நிக்கும். ஒண்ணு குடிக்கையில இன்னொண்ணு கக்கும். இந்தப் பெட்டி அக்கா, அந்தப் பெட்டி தங்கச்சி. இவ்வளவுதான் மிஷினு. எத்தன நிமிஷம் குடிக்கணும்கிறதுதான் சூட்சுமம். அது எங்க வீட்ல போடுற கணக்கு."

அவன் பதினாலாம் கூடத்தின் ஆபரேட்டர். அவள் குளிர்க்கூடத் திட்ட அலுவலகத்தில் மாடல் போடுகிறவள். எத்தனை நிமிடம் உறிஞ்சவிட்டு எத்தனை நிமிடம் காயவைத்தால் அதே வெந்நீரில் இன்னும் எத்தனை பேரைக் குளிர்விக்கலாம் என்று சமன்பாடுகளில் எழுதிப் பார்க்கிற வேலை. ஆபரேட்டர்களுக்கான கையேட்டையும் அவளே எழுதினாள். மேலிடத்திலிருந்து வந்த வரைவில் 'பரப்புக் கவர்தல்', 'பரப்பு நீக்கம்' என்று இருந்தது. பாண்டி அதைப் படித்துவிட்டு, எந்தப் பரப்பைக் கவருகிறது, பட்டா நிலமா புறம்போக்கா என்று கேட்டான். அவள் சிரித்து முடித்து, இரண்டையும் அடித்துவிட்டு 'மூச்சு வாங்குதல்', 'மூச்சு விடுதல்' என்று எழுதினாள். ஆபரேட்டர்கள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். அக்கா உறிஞ்ச ஆரம்பித்தால் கட்டுப்பாட்டு அறைக்கு 'மூச்சு வாங்குது' என்று ஒரு செய்தி. காய ஆரம்பித்தால் 'மூச்சு விடுது' என்று ஒரு செய்தி. வெக்கை முற்றினால் மற்ற தொடர்பெல்லாம் சில நேரம் படுத்துவிடும், இந்தக் குட்டிச் செய்தி மட்டும் எப்படியோ போய்ச் சேரும். தன் சமன்பாடுகளைவிட இந்த நாலு வார்த்தையைப் பற்றித்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

சோதனை கத்திரியின் ஏழாம் நாள் நடந்தது, அன்று கட்டுப்பாட்டு அறையில் செய்தி பார்த்தது இசக்கிப்பிரியாதான். அதுவரை அக்காவும் தங்கச்சியும் பதினொரு நிமிடத்துக்கு ஒரு தடவை முறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வயிறு நிறையுமுன்பே பந்தியிலிருந்து எழுப்பிவிடுகிற வேலை அது, ஒவ்வொரு மாற்றத்திலும் வெந்நீர் வீணாகிறது என்பது இசக்கிப்பிரியாவின் வாதம். நிறையட்டும், நிறைந்ததும் தானே மாறட்டும், பதினெட்டு நிமிடம் தாங்கும் என்றது அவள் மாடல். பன்னிரண்டு கூடங்களில் அன்று அப்படியே விட்டுப் பார்த்தார்கள். அவசரமென்றால் ஆபரேட்டர் ஒரு கைப்பிடியைத் திருப்பி முறையை மாற்றிக்கொள்ளலாம், குப்பென்று சில்லுக் காற்று வரும். ஆனால் திருப்பினால் அந்தக் கூடத்தின் சோதனை அன்றைக்குச் செல்லாது.

பதினாலாம் கூடத்திலிருந்து மதியம் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு 'மூச்சு வாங்குது' வந்தது. கணக்குப்படி இரண்டு பத்துக்கு 'மூச்சு விடுது' வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு பத்தொன்பதுக்கு மறுபடியும் 'மூச்சு வாங்குது' என்றே வந்தது. இருபத்தேழு நிமிடமாகியும் அக்கா இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்றுதானே அதற்கு அர்த்தம்? இசக்கிப்பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு தாகமெடுத்த மணியாக இருந்தாலும் முப்பத்தாறு நிமிடத்தைத் தாண்டாது என்பது அவள் சமன்பாட்டின் எல்லை. மனக்கணக்கில் கழித்துப் பதில் போட்டாள்.

"வாங்கட்டும் அத்தான். கைப்பிடியத் தொட்டுராதீங்க. இன்னும் ஒம்பது நிமிஷத்துல தானா விட்டுரும்."

"சரிட்டி" என்று வந்தது.

மூன்று மணிக்குப் போன் வந்தது. நெஞ்சடைப்பு என்றார்கள். நாற்பத்தாறு வயது. காலையில் அவள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம் பாதி தின்றபடி மிஷின் அறையில் இருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, இருந்தது இரண்டு பேர். இனிமேல் ஒரு ஆள்தான்.

துட்டி வீட்டுக்குப் பதினாலாம் கூடத்து உப்பளப் பெண்கள் வந்திருந்தார்கள். தினமும் அவனோடு வாயாடிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் பக்கம் துட்டிக்குப் போனால் தாலி அறுத்தவளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் உட்காருவார்கள். அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை. பந்தல் காலோரமாகவே நின்றார்கள், பிணத்தைத் தூக்கியதும் போய்விட்டார்கள். அவளுக்கு அது உறைத்தது. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் யார் இருப்பார்கள்?

பதினாறாம் நாள் கழிந்து வேலைக்குப் போனவள் கையில் இருந்தது அந்தச் செய்தி ஒன்றுதான். மற்ற பதினோரு கூடங்களிலும் பதினேழு, பதினெட்டு என்று கணக்குப் பிசகாமல் மாறியிருந்தது. பதினாலில் மட்டும் இருபத்தேழுக்கு மேல். அவன் தவறாகச் செய்தி அனுப்புகிற ஆளில்லை. அப்படியானால் காரணம்? பதினாலாம் கூடத்தில் மட்டும் தை மாதம் புது மணி மாற்றியிருந்தார்கள். புது மணி கூடுதலாக உறிஞ்சுகிறது, அதுதான். மனசுக்கு வேண்டிய காரணத்தைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு ரொம்ப நேரம் ஆகாது. மாடலில் ஒரு மாறிலியைக் கூட்டினாள். அடுத்த கத்திரிக்குள் எல்லாக் கூடங்களுக்கும் அதே புது மணி வரப்போகிறது என்பதால் திட்டத்தின் திறன் ஒரேயடியாக ஏறியது. அலுவலகத்தில் அதற்குப் 'பதினாலாம் கூடத்துத் திருத்தம்' என்று பெயர் விழுந்தது. திட்ட அலுவலர் ஞானதுரை கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் சொல்லி மாய்ந்தார். "போற நேரத்துலயும் என் வரைபடத்துக்கு ஒரு புள்ளியக் கொடுத்துட்டுத்தான் போனாவ" என்று அவளும் பார்க்கிறவர்களிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகை வரும், ஆனால் அந்த அழுகையில் ஒரு பிடிமானம் இருந்தது. அவள் பிழைத்துக் கிடந்ததே அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான்.

செவ்வாய்க்கிழமை பதிவுப்பெட்டி திரும்பி வந்தது. கூடத்தில் ஆள் செத்ததால் விசாரணைக்கென்று மிஷினின் வெப்பப் பதிவுப் பெட்டியைக் காவல் நிலையத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். அது ஏதோ அலமாரியில் மூன்று மாதம் தூங்கிவிட்டு, உறைமேல் தேநீர்க் கறையோடு வந்து சேர்ந்தது. அறிக்கையில் ஒட்டுவதற்கு ஒரு வரைபடம் வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அதைத் திறந்தாள்.

வரைபடத்தில் அக்காவின் சூடு இரண்டு பத்துக்குச் சட்டென்று ஏறியிருந்தது. அப்படியென்றால் வெந்நீர் பாய்ந்திருக்கிறது. அப்படியென்றால் மாறியாகிவிட்டது. சரியாகப் பதினெட்டு நிமிடம், அவள் ஆரம்பத்தில் சொன்ன அதே பதினெட்டு. இரண்டு பத்தொன்பதுக்கு அக்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பாண்டி வாங்குது என்று அனுப்பியிருக்கிறான்.

கடிகாரம் பிசகா என்று பார்த்தாள். இல்லை. அக்காவும் தங்கச்சியும் பதிவில் இடம் மாறிவிட்டார்களா என்று பார்த்தாள். அதுவுமில்லை. புது மணி பழைய மணி எல்லாம் ஒன்றுதான், கூடக் குறைய ஒன்றும் உறிஞ்சவில்லை. அப்புறம் அந்த மனுஷன் ஏன் அப்படி அனுப்பினான்? அது அவள் மண்டையைக் குடைந்தது. புதன்கிழமை காலை பஸ் பிடித்துப் பதினாலாம் கூடத்துக்குப் போனாள். அவன் போன பிறகு அங்கே அவள் காலே வைத்ததில்லை.

அன்று வெக்கை நாள் இல்லை, கூடத்தில் கூட்டமும் இல்லை. வாசலில் அமலோற்பவம் உட்கார்ந்து உப்பில் வெடித்த பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்குகிறவள், அளத்தில் உப்பு வாருகிற கட்டையை இழுத்தே தேய்ந்த உடம்பு. கத்திரி முழுக்க இதே கூடத்தில் கிடந்தவள், பாண்டிக்கு 'அமலிக்கா'. இசக்கிப்பிரியாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இசக்கிப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு இரண்டு மணிக்கு மேல் மிஷினில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா என்று கேட்டாள்.

"மிஷினா?" என்றாள் அமலோற்பவம். "மிஷினுக்கு என்ன கேடு? அது பாட்டுக்கு ஓடிச்சு. மனுசன்லா போனாரு."

அதற்குப் பிறகு அவளே பேசினாள். அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இரண்டு மணிக்கே பாண்டி ஒரு மாதிரி இருந்தானாம். மிஷின் முறை மாறுகிற சத்தம் கேட்டது, எப்போதும் உடனே போனை எடுக்கிற ஆள் அன்று எடுக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்து, நெஞ்சைப் பிடித்தபடி மிஷின் அறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அமலோற்பவம்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒனக்குச் செய்தி அனுப்புனாரே பிள்ள. எங்கண்ணு முன்னாலதான் அமுக்குனாரு, வெரலெல்லாம் நடுங்குது. பேசுறதுக்குத் தெம்பில்ல. 'இசக்கிக்குச் சொல்லிட்டேங்க்கா, மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டேன்'னாரு."

இசக்கிப்பிரியாவுக்கு அது காதில் விழுந்தது. மனசுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது.

"ஆம்புலன்சுக்குப் போடுதேன்னு போன எடுத்தேன். அதுக்குள்ள ஒன் பதில் வந்துட்டு. எங்கிட்டயும் காட்டுனாரு, நானும் வாசிச்சேன். ஒம்பது நிமிஷத்துல தானா விட்டுரும்னு போட்டிருந்த. 'பாத்தீங்களா, அவ கணக்குப் போட்டுட்டா. அவ கணக்கு தப்பாது, ஆம்புலன்சு வேண்டாம்'னுட்டாரு. கைப்பிடியத் திருப்பவா, சில்லுன்னு காத்தாவது வரட்டும்னேன். அதையும் தொடாதன்னிருக்கா, அவ சோதனை கெட்டுரும்னாரு. கடியாரத்தப் பாத்துட்டே இருந்தாரு. ரெண்டு இருவத்தெட்டுக்கு, 'ஒம்பது ஆயிட்டுல்லா'ன்னு கேட்டாரு. ஆயிட்டுய்யான்னேன். தலையச் செவுத்துல சாச்சாரு. அவ்வளவுதான்."

அமலோற்பவம் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சோதனை கெட்டுரும்னு புருசன உக்கார வச்ச பொம்பளன்னுதான் நாங்க நெனச்சோம். பொய் சொல்லல. ஒன்னயக் கட்டிப்பிடிச்சு அழ எங்களுக்குக் கையே வரல."

"யக்கா" என்றாள் இசக்கிப்பிரியா. "நான் மிஷினுக்குன்னு நெனச்சேன்."

கிழவிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கையேட்டில் இருக்கிற வார்த்தைகள் அவளுக்கும் தெரியும், பாண்டி நூறு தடவை சொல்லியிருக்கிறான். "அட மாதாவே" என்று நெஞ்சில் கைவைத்தாள்.

யோசித்துப் பாருங்கள். 'எனக்கு' என்று ஒரு வார்த்தை. நம் பேச்சில் அதை யார் சொல்கிறார்கள்? பசிக்குது என்கிறோம், வலிக்குது என்கிறோம், மூச்சு வாங்குது என்கிறோம். யாருக்கு என்று எதிரில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? பதினாறு வருஷம் கூடவே இருந்தவளுக்குத் தெரியாதா? பாவி மனுஷன் அந்த நம்பிக்கையில்தான் அனுப்பினான். உதவி கேட்டான், உதவி வந்துவிட்டது என்றே நினைத்தான். பெண்டாட்டிக்குத் தெரியும், அவள் கணக்குப் பார்த்துவிட்டாள், ஒன்பது நிமிடம் பொறுத்தால் போதும் என்று ஒரு நிமிடம் விடாமல் எண்ணியிருக்கிறான். அவளோ அந்த ஒன்பது நிமிடமும் கட்டுப்பாட்டு அறையில் சந்தோஷமாக இருந்தாள். அதை அவளால் எப்படித் தாங்க முடியும்? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அலறினாள். அமலோற்பவம் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மூன்று மாதம் பிந்தி, துட்டி வீட்டில் அழ வேண்டிய அழுகையை இரண்டு பேரும் கூடத்து வாசலில் உட்கார்ந்து அழுதார்கள்.

வியாழக்கிழமை அவள் ஞானதுரையின் அறைக்குப் போய்த் திருத்தத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னாள். நல்ல மனுஷர்தான். முதலில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். கலெக்டரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, கூடுதல் ஆட்களுக்கு அட்டைகூட அச்சடிக்கப் போய்விட்டது, ஒரு புள்ளிதானே, அப்படியே இருந்துவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றார்.

"ஒம்பதாயிரம் பேரும்மா. அந்த ஒத்தப் புள்ளிய எடுத்தா அவ்வளவு பேரும் வெளிய நிப்பாங்க."

"அது புள்ளி இல்ல சார்" என்றாள் அவள். "எங்க அத்தானுக்கு மூச்சு முட்டுனது. அதைத்தான் நான் மாறிலியாப் போட்டு வச்சிருக்கேன். இல்லாத குளிரக் கணக்குல காட்டி உள்ள கூட்டிட்டுப் போனா, கூடத்துக்குள்ள இருக்கிற அத்தன பேருக்கும் கடைசி நிமிஷத்துல அதே மாதிரிதான் வாங்கும். வெளிய நிக்கிறவனுக்கு ஆபத்துன்னு தெரியும், வேற நிழலத் தேடி ஓடுவான். உள்ள இருக்கிறவன் நம்மள நம்பி உக்காந்திருப்பான் சார். கடியாரத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பான்."

ஞானதுரை மேஜை இழுப்பறையைத் திறந்தார். திருத்தம் நீக்கும் படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் 'பிழைக்கான காரணம்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தவள், கடைசியில் பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்றை எழுதினாள்: 'தோன்றா எழுவாய்.' இலக்கண வாத்தியார்கள் விட்டுப்போன அந்த 'எனக்கு' எழுவாயே இல்லை, நான்காம் வேற்றுமை என்று சண்டைக்கு வரலாம். வரட்டும். ஞானதுரை அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

கையேட்டிலிருந்து அந்த வார்த்தைகளை எடுத்துவிடவும் பார்த்தாள். 'ஏற்றம்', 'இறக்கம்' என்று புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். ஆபரேட்டர்கள் தலையாட்டி வாங்கிக்கொண்டு மறுநாளே 'மூச்சு வாங்குது' என்று அனுப்பினார்கள். வாயில் ஏறிவிட்ட பேச்சை எந்தக் கையேடு இறக்கும்? ஆகவே அவள் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு விதி எழுதினாள். 'மூச்சு வாங்குது' என்று செய்தி வந்தால், 'யாருக்கு?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் வருகிறவரை வேறு எதையும் தொடக்கூடாது. கம்ப்யூட்டரே கேட்டுக்கொள்ளும்படி செய்துவிடலாமே என்றார்கள். ஆள்தான் கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அடுத்த கத்திரி வந்தது. வாசல்களில் இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் திட்டத்தையும் திட்டம் போட்டவளையும் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் காலை எட்டு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தால் வெயில் தாழ்கிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கூடம். மூச்சு வாங்குது. யாருக்கு? அக்காவுக்கு. மூச்சு வாங்குது. யாருக்கு? அக்காவுக்கு. கூட வேலை பார்த்தவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. சிலர் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுகூடப் பேசினார்கள். ஒவ்வொரு தடவை 'அக்காவுக்கு' என்று வரும்போதும் அவள் தோள் கொஞ்சம் இறங்குவதை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

பாண்டி இருந்த இடத்தில் அமலோற்பவத்தைத்தான் ஆபரேட்டராக வைத்திருந்தார்கள். கத்திரியின் பன்னிரண்டாம் நாள், மதியம் இரண்டு மணி வாக்கில், பதினாலாம் கூடத்திலிருந்து வழக்கம்போல 'மூச்சு வாங்குது' வந்தது. முறை மாறுகிற நேரமில்லை, நடுவில்.

'யாருக்கு?'

பதில் வர நேரமானது. பிறகு வந்தது. 'வெளிய நிக்கிறவங்களுக்கு. இருவது முப்பது பேரு. வேற எங்கயும் எடமில்லன்னு இங்கயே நிக்காங்க. ஒரு அம்மா விழுந்துட்டா.'

அவள் உடனே கூப்பிட்டாள். எல்லாரையும் உள்ளே விடச் சொன்னாள். கைப்பிடியைத் திருப்பி முறையை மாற்றச் சொன்னாள், எட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திருப்பிக்கொண்டே இருக்கச் சொன்னாள்.

"அப்படித் திருப்புனா நாலு மணிக்கே வெந்நீர் தீந்துரும்லா பிள்ள? ஒன் கணக்கு தப்பிருமே."

"தப்பட்டும்க்கா" என்றாள் இசக்கிப்பிரியா. "நாலு மணிக்கு மேல நான் லாரியில வெந்நீர் அனுப்புதேன். எங்க இருந்தாவது அனுப்புதேன். நீங்க திருப்புங்க."

அதை வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போட்டாள். போன வருஷம் போட்டிருக்க வேண்டிய போன். எதிர்முனையில் ஒரு பெண் பதறாமல் பேசினாள், இடம் கேட்டாள். இசக்கிப்பிரியா பதினாலாம் குளிர்க்கூடம் என்று சொல்லி, உப்பளத்து ரோட்டில் எந்தத் திருப்பம் என்பதையும் சொன்னாள். என்ன செய்கிறது என்று கேட்டாள் அந்தப் பெண்.

"மூச்சு வாங்குது."

"யாருக்கும்மா?"

விழுந்து கிடக்கிற அந்த அம்மாவைத்தான் சொல்ல நினைத்தாள். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"எங்க அத்தானுக்கு" என்றாள்.

அந்தப் பெண் அப்படியே குறித்துக்கொண்டாள்.